25 அணு தங்கக் கொத்து: டைட்டானியா மேல் 300 டிகிரியில் ஊதா நிறமாகிவிட்டது, உலையை எதில் நிறுத்துவது?

கோட்டையூர்க்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியலில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறேன். ஆக்சைடு தாங்கிகள் (கொத்துகளைச் சுமக்கும் பொடிகள்) மேல் உட்கார்த்திய தங்க நானோகொத்துகளை வினையூக்கியாகப் பயன்படுத்துவதுதான் வேலை. கொத்து ஒன்றில் 25 தங்க அணுக்கள், அவற்றைச் சுற்றி 18 பினைல்எத்தேன்தயோல் லிகண்டுகள் (கந்தகத்தால் தங்கத்தோடு ஒட்டியிருக்கும் கரிம மூலக்கூறுகள்). கரைசலில் ஒழுங்காகத்தான் வருகிறது. யூ.வி. ஒளி உறிஞ்சல் கோட்டில் 680 நானோமீட்டருக்குப் பக்கத்தில் ஒரு மேடு, 450இலும் 400இலும் இன்னும் இரண்டு. 520இல் ஒன்றும் இல்லை.

இதை டொலுவீனில் கரைத்து பி-25 டைட்டானியா (டைட்டானியம் டைஆக்சைடு) மேலும் சீரியா (சீரியம் ஆக்சைடு) மேலும் ஏற்றினேன். இரண்டிலும் தங்கம் எடையில் 1 சதவீதம். ஏற்றி உலர்த்தியபோது இரண்டும் வெளிறிய பழுப்பு. லிகண்டை எடுக்க மஃபில் உலையில் காற்றிலேயே 300 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தேன். வெளியே எடுத்தால் டைட்டானியா பொடி நல்ல ஊதா. சீரியா பொடியில் அவ்வளவு மாற்றம் இல்லை, லேசாகச் சாம்பல் தட்டியிருக்கிறது.

சோதனைக்கு 4-நைட்ரோபீனாலையும் சோடியம் போரோஹைட்ரைடையும் வைத்து 400 நானோமீட்டர் மேடு இறங்கும் வேகத்தைப் பார்க்கிறேன். 200இல் சுட்டது, 300இல் சுட்டதைவிட வேகமாக வேலை செய்கிறது. சுடாத பொடியும் சும்மா இல்லை, மெதுவாகச் செய்கிறது. வழிகாட்டியோ, "கட்டுரையில் 400 என்று போட்டிருக்கிறார்கள், 400 வை" என்கிறார்.

டி.ஜி.ஏ.வில் (சூடேற்றிக்கொண்டே எடை பார்க்கும் கருவி) கொத்தை மட்டும் தனியாகப் போட்டபோது 200ஐ ஒட்டி எடை இறங்க ஆரம்பித்து, மொத்தம் 41 சதவீதத்துக்குச் சற்று மேல் போனது. தாங்கியோடு சேர்த்துப் போட்டால் கோடு 100 டிகிரியிலிருந்தே சரிகிறது, எது எங்கே போகிறது என்றே புரியவில்லை.

எந்தச் சூட்டில் நிறுத்துவது? ஒரே கொத்து, ஒரே உலை, அப்படியிருந்தும் இரண்டு தாங்கியும் ஏன் இப்படி வேறாக நடந்துகொள்கின்றன? எங்கள் உலை வேறு பழசு, மதியம் கரண்ட் போனால் பாதியில் குளிர்ந்து, வந்ததும் மறுபடி ஏறுகிறது. இதுவும் கணக்கில் வருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பழைய உலைக்காரன் எழுதியது:

அம்மா, கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். அதுதான் எனக்குச் சோறு போட்ட விஷயம். ஆய்வகத்தில் உலைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலேயே தலை நரைத்து, இப்போது கானாடுகாத்தானில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். கொத்து, லிகண்டு பற்றியெல்லாம் என்னைவிடப் படித்தவர்கள் இங்கே வருவார்கள். சூட்டைப் பற்றி நான் சொல்கிறேன்.

கரண்ட் போவதால் பொடிக்குக் கெடுதல் இல்லை. கரண்ட் திரும்பி வருவதில்தான் கெடுதல். பழைய கட்டுப்பாட்டுப் பெட்டி வந்ததும் வராததுமாக முழு மூச்சில் சுருளைச் சூடேற்றும், குறித்த அளவைத் தாண்டி ஓடும், அப்புறம்தான் இறங்கி நிற்கும். நீங்கள் 300 என்று எழுதி வைத்திருப்பீர்கள், பொடி 330, 340ஐப் பார்த்துவிட்டு வந்திருக்கும். சில உலைகள் நேரக் கணக்கையும் முதலிலிருந்து தொடங்கும். உங்கள் இரண்டு மணி நேரம் மூன்றரை ஆகியிருக்கும், உங்களுக்குத் தெரியாது.

கரண்ட் போகாத நாளிலும் மானி காட்டுவது மூசையின் சூடு அல்ல. தெர்மோகப்பிள் பின்சுவரில் செருகியிருக்கும். மூசை நடுவிலோ கதவுப் பக்கமோ இருக்கும். இரண்டுக்கும் 20 டிகிரி வித்தியாசம் இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். சரி பார்க்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. சுத்தமான வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். வெறும் மூசையில், நீங்கள் வழக்கமாகப் பொடி வைக்கும் அதே இடத்தில், கத்தரியால் வெட்டிய வெள்ளீயத் துணுக்கு ஒன்றை வைத்து உலையை 210இல் அரை மணி நேரம் நிறுத்துங்கள். திறந்து பாருங்கள். வெட்டிய முனை கூராகவே இருந்தால் ஐந்தைந்து டிகிரியாக ஏற்றுங்கள். முனை மழுங்கித் துணுக்கு பளபளவென்று உருண்டுவிட்டால் மூசை 232ஐத் தொட்டுவிட்டது. அப்போது மானி என்ன காட்டுகிறது? 218 காட்டினால் உங்கள் உலை 14 டிகிரி குறைத்துச் சொல்கிறது, 245 காட்டினால் கூட்டிச் சொல்கிறது. ஈயச் சொம்பில் ரசம் வைக்கும் வீட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, வெறும் சொம்பை அடுப்பில் மறந்தால் என்ன ஆகும் என்று தெரியும். மேல் சூட்டுக்குக் காரீயம் இருக்கிறது, 327 டிகிரி, ஆனால் அதைப் புகைபோக்கி இல்லாத அறையில் செய்யாதீர்கள். எதைச் செய்தாலும் வினையூக்கிப் பொடி உள்ளே இல்லாதபோது செய்யுங்கள். உங்கள் தங்கத்தில் ஈயம் ஏறினால் அப்புறம் எந்த முடிவும் முடிவு இல்லை.

மஃபில் உலை இந்த வேலைக்கே ஒத்துவராது என்பது என் கட்சி. கதவு மூடியிருக்கும், உள்ளே காற்று ஓடாது. லிகண்டு எரிந்து வரும் நீராவியும் கந்தக டைஆக்சைடும் பொடியைச் சுற்றியே நிற்கும். ஈரமான சூட்டில் உலோகத் துகள்கள் ஆக்சைடு மேல் இன்னும் சுலபமாக நகரும். குழாய் உலை கேட்டு வாங்குங்கள். காற்றோ ஆக்சிஜன் கலந்த ஆர்கானோ மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கட்டும். பொடியைக் குவிக்காமல் அலுமினாப் படகில் மெல்லியதாகப் பரப்புங்கள். லிகண்டு எரியும்போது தானும் சூடு தரும், குவியலின் நடுவில் அது மானிக்குத் தெரியாமல் வேலை காட்டும். ஏற்றம் நிமிடத்துக்கு 1 அல்லது 2 டிகிரி, அதற்கு மேல் வேண்டாம்.

இனி அந்த 400. உருகுநிலையைக் கெல்வினில் எழுதி அதில் பத்தில் மூன்று பங்கு எடுத்தால் ஹூட்டிக் வெப்பநிலை. சுமாராக அந்தச் சூட்டில் மேற்பரப்பு அணுக்கள் அசைய ஆரம்பிக்கும். பாதி எடுத்தால் டம்மான் வெப்பநிலை, அங்கே உள்ளிருக்கும் அணுக்களும் நகரும். தங்கம் உருகுவது 1064 டிகிரி, அதாவது 1337 கெல்வின். கணக்குப் போட்டால் ஹூட்டிக் 128 டிகிரி, டம்மான் 395 டிகிரி. பிளாட்டினம் 1768இல் உருகும், அதற்கு இதே எண்கள் 339, 747. வழிகாட்டி சொல்லும் 400 தங்கத்தின் டம்மானுக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கிறது. இதுவும் பெரிய கட்டித் தங்கத்துக்கான கட்டைவிரல் கணக்குதான், 1 நானோமீட்டர் கொத்து இதற்கெல்லாம் முன்னாலேயே கிளம்பிவிடும். கட்டுரைக்காரர்கள் 400 வைத்திருக்கலாம். அவர்கள் என்ன உலோகம், என்ன தாங்கி, எந்த வாயுவில் வைத்தார்கள் என்று பார்த்தீர்களா? பிளாட்டினக் கட்டுரையின் 400 தங்கத்துக்கு உதவாது.


கண்டனூரான் எழுதியது:

உலைக்காரர் ஐயா சொன்ன சூட்டுக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நான் பொடியின் பக்கத்திலிருந்து வருகிறேன்.

முதலில் உங்கள் 41 சதவீதம். 25 தங்க அணுவின் எடை 4925. ஒரு லிகண்டு 137, பதினெட்டுக்கு 2470. கொத்து மின்சுமை இல்லாமல் இருந்தால் எடை இழப்பு 33 சதவீதத்தில் நிற்க வேண்டும். எதிர்மின் கொத்தாக இருந்தால் கூடவே ஒரு டெட்ராஆக்டைல்அம்மோனியம் அயனி, அது 467, அப்போது 37 சதவீதம். உங்களுக்கு 41க்கு மேல் வந்திருக்கிறது. மிச்சத்தைக் கணக்குப் பார்த்தால் கொத்து ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு மூலக்கூறு டெட்ராஆக்டைல்அம்மோனியம் புரோமைடு, அல்லது அதே எடைக்குத் தனித் தயோல் நாலு. எதுவானாலும் கழுவியது போதவில்லை. இதை அசட்டையாக விடாதீர்கள். தங்க வினையூக்கிகளில் மிஞ்சிய குளோரைடு துகள்களை வேகமாகத் திரட்டிவிடும் என்பது பழைய செய்தி, புரோமைடும் அதே குடும்பம்தான். மெத்தனாலில் இன்னும் கழுவுங்கள், டி.ஜி.ஏ. 37க்கு இறங்கும் வரை. 33க்குப் போய் கரைசலும் பச்சையாகிவிட்டால் கொத்து காற்றில் எலக்ட்ரானை இழந்து சுமையில்லாததாகிவிட்டது என்று பொருள், அதற்காகப் பதற வேண்டாம்.

தாங்கியோடு போட்ட டி.ஜி.ஏ. உங்களுக்கு எதையும் சொல்லாது. 1 சதவீதத் தங்கத்தோடு வரும் லிகண்டு மொத்த எடையில் அரை சதவீதம். டைட்டானியா நம் ஊர் ஐப்பசிக் காற்றில் உறிஞ்சும் ஈரமே அதைவிட அதிகம். 100 டிகிரியில் இறங்குவது தண்ணீர். தனிக் கொத்தின் டி.ஜி.ஏ.வை வைத்துத் தாங்கி மேல் இருப்பதற்குச் சூடு குறிப்பதும் சரியில்லை. நிமிடத்துக்கு 10 டிகிரி ஏற்றினால் 200இல் தொடங்குவதாகத் தெரியும் இழப்பு, 170இலேயே மணிக்கணக்கில் வைத்தால் மெதுவாக நடந்துவிடும். சீரியா மாதிரி தன் ஆக்சிஜனையே எடுத்துக் கொடுக்கும் தாங்கி பக்கத்தில் இருந்தால் இன்னும் சீக்கிரம்.

இப்போது ஊதா. தங்கத் துகள் சுமார் 2 நானோமீட்டரைத் தாண்டிய பிறகுதான் 520 பக்கம் பிளாஸ்மான் மேடு (தங்கத்தின் எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து ஆடுவதால் வருவது) தலைகாட்டும். அதனால் கண்ணுக்கு ஊதா தெரிகிறது என்றால் கொத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. 5 நானோமீட்டர் துகள் ஒன்றில் சுமார் 3,800 தங்க அணுக்கள் இருக்கும், அதாவது 150 கொத்துகள் போய் ஒரு துகள். வேகம் குறையாமல் என்ன செய்யும்?

எப்படிச் சேர்ந்தன என்பதற்கு இரண்டு வழி. துகள்களே முழுதாக வழுக்கிப் போய் முட்டி ஒன்றாகலாம், ரசத்தில் மிதக்கும் நெய்த் துளிகள் மாதிரி. அல்லது சின்னத் துகளிலிருந்து அணு அணுவாகக் கழன்று பெரிய துகளில் போய் ஒட்டலாம், இது ஆஸ்ட்வால்டு வளர்ச்சி. இரண்டாவதற்குத் துகள்களுக்குள் சின்னது பெரியது என்ற பேதம் வேண்டும். உங்கள் கொத்துகள் எல்லாம் அச்சாக ஒரே அளவு, அதனால் தொடக்கத்தில் ஆஸ்ட்வால்டுக்கு வேலையில்லை. ஆனால் எங்கோ ஒரு மூலையில் நாலைந்து ஒட்டி ஒரு பெரிசு உருவாகிவிட்டால் கதவு திறந்துவிடும். ஏற்றும்போது டொலுவீனை அவசரமாக ஆவியாக்கினீர்களா? அப்படிச் செய்தால் கொத்துகள் கடைசித் துளிகளில் கூட்டமாக ஒதுங்கும். மெதுவாகக் கலக்கி உறிஞ்ச விடுங்கள், மேலே நிற்கும் திரவம் நிறமற்றுப் போன பிறகு வடிகட்டுங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு எல்லோரும் உடனே "சீரியாவில் ஆக்சிஜன் காலியிடங்கள் இருக்கின்றன, அவை தங்கத்தைப் பிடித்துக்கொள்கின்றன" என்று பதில் சொல்வார்கள். சொல்வது பொய்யல்ல. 1999இல் 8 அணு தங்கக் கொத்தை மக்னீசியம் ஆக்சைடு மேல் மெதுவாக இறக்கிப் பார்த்தார்கள். குறைபாடுகள் நிறைந்த பரப்பில் அது கார்பன் மோனாக்சைடை ஆக்சிஜனேற்றியது, குறைபாடில்லாத பரப்பில் ஏறத்தாழ ஒன்றும் செய்யவில்லை. தாங்கியில் உள்ள ஓட்டை கொத்தைப் பிடித்துவைப்பதோடு அதற்கு எலக்ட்ரானும் கொடுக்கிறது. ஆனால் அங்கே போவதற்கு முன் சின்னக் கணக்கு ஒன்று போடுங்கள். பி-25இன் பரப்பு கிராமுக்குச் சுமார் 50 சதுர மீட்டர். 1 சதவீதத் தங்கம் என்றால் ஒரு கொத்துக்கு 40 சதுர நானோமீட்டர் இடம், பக்கத்துக் கொத்து ஆறு ஆறரை நானோமீட்டரில். உங்கள் சீரியாவின் பரப்பு என்ன? எழுதவில்லை. அது 100 என்றால் இடைவெளி 9 நானோமீட்டர். சீரியா நன்றாகப் பிடித்ததோ, வெறுமனே இடம்தான் அதிகமோ, இப்போது சொல்ல முடியாது. தங்கத்தை 0.1 சதவீதமாகக் குறைத்து டைட்டானியாவில் போடுங்கள், இடைவெளி 20 நானோமீட்டர் ஆகும். அப்போதும் 300இல் ஊதா வந்தால் டைட்டானியாவின் பிடியே தளர்வு என்று சொல்லலாம்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகப் பாருங்கள். லிகண்டு போய்விட்டது என்று சொல்கிறோமே, கந்தகம் எங்கே போனது? கார்பன் எரிந்து வெளியேறும். கந்தகம் அப்படியே தங்கத்தை விட்டு இறங்கித் தாங்கி மேல் சல்பேட்டாக உட்கார்ந்துவிடலாம். எக்ஸ்.பி.எஸ்.ஸில் (எக்ஸ்-கதிர் பட்டு வெளிவரும் எலக்ட்ரான்களின் ஆற்றலை அளப்பது) கந்தகத்தின் 2பி பகுதியைப் பாருங்கள். 162, 163 எலக்ட்ரான் வோல்ட் பக்கம் என்றால் இன்னும் தங்கத்தோடு தயோலேட்டாக ஒட்டியிருக்கிறது. 168, 169 என்றால் சல்பேட். 1 சதவீதத்தில் சிக்னல் மெலிதாகத்தான் வரும், நேரம் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள். சீரியா மேல் உட்கார்ந்த சல்பேட் 600 டிகிரியைத் தாண்டினாலும் லேசில் போகாது, அதை எரித்து விரட்டப் போனால் தங்கம் மிஞ்சாது. தங்கமும் ஆக்சைடும் சந்திக்கும் விளிம்பில்தான் கார்பன் மோனாக்சைடு வேலை நடக்கிறது. சல்பேட் போய் உட்காருவதும் அதே விளிம்பாக இருந்தால் லிகண்டு எடுத்தும் பயனில்லை.


தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

இரண்டு பேரும் லிகண்டை எடுத்தே ஆக வேண்டும் என்ற மாதிரியே பேசுகிறீர்கள். யார் சொன்னது?

கோட்டையூர்க்காரி, உங்கள் சுடாத பொடியே வேலை செய்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 150 டிகிரியில் ஆக்சிஜனில் வைத்தாலே, கொத்து உடையாமல், கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனேற்றம் நன்றாக ஏறியதாக 25 அணுக் கொத்துக்கே வேலைகள் வந்திருக்கின்றன. சில ஹைட்ரஜனேற்ற வினைகளில் லிகண்டு இருப்பதுதான் தேர்வுத்திறனையே கொடுக்கிறது. 25 அணு என்று எண்ணிச் செய்துவிட்டு, அதை 300இல் போட்டு எண்ணிக்கை இல்லாத துகளாக்கினால், முதலிலேயே குளோரோஆரிக் அமிலத்தை நேராகத் தாங்கியில் படியவைத்திருக்கலாமே? ஜப்பானிய வேதியியலாளர் ஹருடா 1987இலேயே அந்த மாதிரித் தங்கத்தை வைத்துப் பூஜ்ஜியத்துக்குக் கீழே கார்பன் மோனாக்சைடை எரித்துக் காட்டிவிட்டார். அதில் தயோலும் இல்லை, கந்தகத் தலைவலியும் இல்லை.

நீங்கள் தேட வேண்டியது ஒரு எண்ணை அல்ல, ஒரு இடைவெளியை. டி.ஆர்.எஸ். (பொடியிலிருந்து சிதறித் திரும்பும் ஒளியை அளப்பது) எடுக்க வசதி இருக்கும் என்று நினைக்கிறேன். 120, 150, 175, 200, 225, 250 என்று ஒரே தொகுதிப் பொடியைப் பிரித்துச் சுட்டு ஒவ்வொன்றுக்கும் எடுங்கள். 680 மேடு அப்படியே இருந்தால் கொத்து முழுசாக இருக்கிறது. 520 மேடு முளைத்தால் திரண்டுவிட்டது. 680 மறைந்து, 520 இன்னும் வராத சூடுகள் சில இருக்கும். லிகண்டு கொஞ்சமோ நிறையவோ கழன்று, தங்கம் இன்னும் சின்னதாகவே இருக்கும் இடம் அதுதான். உங்கள் 200 அங்கே விழுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த இடைவெளி டைட்டானியாவில் குறுகலாகவும் சீரியாவில் அகலமாகவும் வந்தால் உங்கள் ஆய்வேட்டின் ஒரு அத்தியாயம் முடிந்தது.

நைட்ரோபீனால் சோதனையை மட்டும் நம்பாதீர்கள். போரோஹைட்ரைடு தங்கத்தின் மேலிருக்கும் தயோலேட்டைத் தானே கழற்றக்கூடியது. சுடாத பொடி வேலை செய்வதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். அப்படியானால் நீங்கள் அளப்பது சூட்டின் விளைவை அல்ல, போரோஹைட்ரைடின் விளைவை. வாயு வினை ஒன்றைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.


கோட்டையூர்க்காரி எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. சீரியாவின் பரப்பைத் தேடிப் பார்த்தேன், டப்பாவில் இல்லை. அளக்கக் கொடுக்கிறேன். கழுவியது பற்றி கண்டனூரான் அண்ணன் சொன்னது சுருக்கென்று பட்டது, மெத்தனால் தீரப்போகிறது என்று கொஞ்சமாக ஊற்றும் பழக்கம் எங்கள் ஆய்வகத்தில் எல்லோருக்கும் உண்டு.

டி.ஆர்.எஸ். வசதி இருக்கிறது. உலைக்காரர் ஐயா, எங்கள் ஆச்சி வீட்டில் பழைய ஈயச் சொம்பு ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் ஓரமாகக் கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாமா?

இன்னொரு சந்தேகம். காற்றுக்குப் பதில் ஹைட்ரஜனில் சுட்டால் கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடாகப் போய்விடாதா? சல்பேட் தொல்லையே இருக்காதே?


தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

போகும், ஓரளவு. ஆனால் வேறொன்று வரும். டைட்டானியா மாதிரி ஒடுங்கக்கூடிய, அதாவது ஆக்சிஜனை இழக்கக்கூடிய ஆக்சைடு மேல் உலோகத்தை வைத்து ஹைட்ரஜனில் நன்றாகச் சூடாக்கினால், தாங்கியே நகர்ந்து உலோகத்தின் மேல் மெல்லிய தோலாக ஏறிக்கொள்ளும். 1978இல் எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தில் டாஸ்டரும் கூட இருந்தவர்களும் பிளாட்டினம் வகை உலோகங்களை டைட்டானியா மேல் வைத்து 500 டிகிரியில் ஒடுக்கியபோது, உலோகம் ஹைட்ரஜனை உறிஞ்சுவதே ஏறத்தாழ நின்றுபோனது. துகள்கள் பெரிதாகியும் இருக்கவில்லை. வலுவான உலோக-தாங்கி இடைவினை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள், தோல் ஏறுவதுதான் காரணம் என்பது பின்னால் தெரியவந்தது.

நான் இப்போது பிளாட்டினத்தோடுதான் மல்லுக்கட்டுகிறேன், அதனால் சொல்கிறேன்: வினை வேகம் குறைந்தால் உடனே "திரண்டுவிட்டது" என்று எழுதிவிடாதீர்கள். டெம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படத்தில் அளவு மாறாமல், வேகம் மட்டும் செத்துப்போயிருந்தால் தோல் ஏறியிருக்கலாம். ஆக்சிஜனில் ஒருமுறை சூடாக்கி, மறுபடி 200 பக்கம் லேசாக ஒடுக்கிப் பாருங்கள். உயிர் திரும்பினால் தோல். திரும்பாவிட்டால் திரண்டதுதான், அதற்கு மருந்தில்லை.

சூடு எப்போதும் திரட்டத்தான் செய்யும் என்பதும் இல்லை. பிளாட்டினத்தைக் காற்றில் 800 டிகிரிக்குக் கொண்டுபோனால் அது ஆக்சைடாக ஆவியாகி நகர ஆரம்பிக்கும். வழியில் சீரியா இருந்தால் அது தனித்தனி அணுவாகப் பிடித்துக்கொள்ளும், 2016இல் வெளியான வேலை. அலுமினா மேல் மட்டும் இருந்தால் அதே சூட்டில் பெரிய பெரிய துகளாகிவிடும். இதை வைத்துத் தங்கத்தை 800இல் போட்டுவிடாதீர்கள், தங்கத்துக்கு அப்படி ஆவியாகும் ஆக்சைடு கிடையாது.


கண்டனூரான் எழுதியது:

ரஸ்தாவோடு ஒரு சின்னச் சண்டை. குளோரோஆரிக் அமிலத்தை நேராகப் படியவைத்தால் போதும் என்கிறார். டைட்டானியாவில் போதும். சிலிக்காவில் செய்து பாருங்கள், அதன் பரப்பு காரத்தன்மையில் எதிர்மின்சுமையோடு இருக்கும், தங்கத்தின் எதிர்மின் அயனிகள் கிட்டவே வராது. நீங்கள் நாளைக்குத் தாங்கிகளை ஒப்பிட வேண்டுமென்றால், எல்லாத் தாங்கியிலும் ஒரே 25 அணுவில் தொடங்க முடிவது கொத்து தரும் வசதி. முடிவில் எத்தனை அணு என்பது தெரியாமல் போகலாம், தொடக்கம் எல்லாவற்றுக்கும் ஒன்று. அதற்காகவே தயோல் தலைவலியைத் தாங்கலாம் என்பது என் எண்ணம்.

ஹைட்ரஜன் விஷயத்தில் அவர் சொன்னதுதான் சரி. போவதாக இருந்தால் 150, 200க்குள் வைத்துக்கொள்ளுங்கள், ஆர்கானில் 5 சதவீதம் கலந்தது போதும். எக்ஸ்.பி.எஸ்.ஸில் காற்றில் சுட்டதையும் ஹைட்ரஜனில் சுட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் எடுங்கள்.


பழைய உலைக்காரன் எழுதியது:

சொம்பில் கை வைக்காதீர்கள் அம்மா, ஆச்சி உங்களை வீட்டுக்குள் விட மாட்டார்கள். பழைய சொம்பு சுத்த வெள்ளீயம் என்பதற்கும் உத்தரவாதமில்லை. முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் கிடைப்பதும் அப்படித்தான், கொஞ்சம் காரீயம் கலந்திருந்தாலே உருகுநிலை இறங்கிவிடும், உங்கள் உலையைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். பற்றவைக்கும் கம்பியும் வேண்டாம், அதுவும் கலவை. ஆய்வகப் பொருள் விற்பவரிடம் சுத்த வெள்ளீயத் துண்டு கேளுங்கள், ஒன்று வாங்கினால் நீங்கள் பட்டம் வாங்கும் வரை வரும்.

ஹைட்ரஜன் குழாய் உலையில் போனால் முதலில் ஆர்கானை நன்றாக ஓட்டிக் காற்றை வெளியேற்றிவிட்டுப் பிறகு ஹைட்ரஜனைத் திறவுங்கள், முடிக்கும்போதும் ஆர்கானில் முடியுங்கள். கரண்ட் போகும் ஊரில் ஹைட்ரஜனைத் தனியாக ஓடவிட்டு டீ குடிக்கப் போகக்கூடாது.

குளிர்ந்த பொடியை 100 டிகிரிக்குக் கீழே வந்ததும் நேராக டெசிகேட்டருக்கு மாற்றுங்கள். உள்ளே இருக்கும் நீலச் சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பாகியிருந்தால் அது டெசிகேட்டர் இல்லை, வெறும் கண்ணாடிப் பாத்திரம்.

வழிகாட்டியிடம் 400 வேண்டாம் என்று வாதாடப் போகாதீர்கள். ரஸ்தா சொன்ன வரிசையோடு 300, 400 இரண்டையும் சேர்த்து, ஒரே தொகுதிப் பொடியில் எல்லாவற்றையும் சுடுங்கள். டி.ஆர்.எஸ். கோடுகளை ஒரே தாளில் அச்சடித்து, சின்னக் குப்பிகளில் பொடிகளையும் அதே வரிசையில் அவர் மேசையில் வைத்துவிடுங்கள். 400 கடைசிக் குப்பியில் இருக்கட்டும். அவர் கேட்டதையும் செய்ததாயிற்று.